வழக்குச் சொத்து

ஒரு பெசோ காசு, மூன்று.
பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் ஒட்டி,
வழக்குச் சொத்து என்று எழுதிவைத்தார்கள்.
எங்கள் வீட்டிலிருந்து
சொத்து என்று ஏதோ ஒன்று
காகிதத்தில் ஏறியது அதுதான் முதல்முறை.

நவோதாஸில் இழவு வீட்டில் காசு சுண்டுவார்கள்.
பூவா தலையா.
ஜெயித்தவன் பத்துக்கு ஒன்று டப்பாவில் போடவேண்டும்.
டப்பா நிறைந்தால் சவப்பெட்டிக் கடன் அடையும்,
பிணம் புறப்படும்.
டாடோவுக்கு அன்று நான்காம் ராத்திரி.
போலீஸ் வந்ததும்
ஆறு பேர் பலகைப் பாலம் தாண்டி ஓடினார்கள்.
ரொடேலியோ ஓடவில்லை.
கவிழ்ந்த காப்பிச் சட்டியை
நிமிர்த்திக்கொண்டிருந்தான்,
முட்டாள்.

பந்தயத்தில் இருந்தது நூற்று நாற்பது பெசோ.
ஜாமீன் முப்பதாயிரம்.

மீன் துறையில் எனக்கு ராத்திரி வேலை.
சாளை வேறு, கானாங்கெளுத்தி வேறு என்று பிரித்துப்போட்டால்
விடியும்போது முந்நூறு.
நூறு ராத்திரி.
நான் சாப்பிடாமல், பிள்ளை சாப்பிடாமல்,
வாடகைக்காரன் கதவைத் தட்டாமல் நூறு ராத்திரி.
கணக்கு சரியாகத்தான் வருகிறது.

பாண்டு கம்பெனிக்காரன்
நிலப்பத்திரம் இருக்கிறதா என்றான்.
மூங்கில் கால்மேல் நிற்கிற வீடு ஐயா,
கீழே இருப்பது கடல்,
அதன் பட்டா யார் பெயரில் என்று
நீங்களே சொல்லுங்கள் என்றேன்.
சிரித்தான். நல்ல மனிதன்தான்.
பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தான்.

பணம் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு என்றாள்
அரசு வக்கீல் லக்சமானா,
மடியில் முப்பது கோப்பு, கையில் பாதி கடித்த ரொட்டி.
ஏழை என்று நிரூபித்தால் போதுமாம்.
முத்திரைக்கு ஐம்பது. நகலுக்குப் பன்னிரண்டு.
ஜீப்னியில் போனேன், கையெழுத்துப் போடுகிறவர் வரவில்லை.
மறுநாளும் வரவில்லை.
மூன்றாம் தடவை எழுத்தர் கேட்டார்: வருமானம்?
முந்நூறு, வேலை இருக்கிற ராத்திரிகளில்.
அப்படியானால் நீ ஏழை இல்லையே.
சரி, இல்லை என்று எழுதுங்கள் என்றேன்.
எது இல்லை என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமைகளில் பார்க்கவிடுவார்கள்.
இருபது பேருக்குக் கட்டிய அறையில் நூற்றிப் பத்து பேர்.
முறைவைத்துத் தூங்குகிறோம் என்றான்,
என் முறை பத்திலிருந்து இரண்டு வரை,
ஒருக்களித்து.
அதைச் சொல்லும்போது
நல்ல நேரம் கிடைத்தவன்போல்
கொஞ்சம் பெருமை.

டாடோ இன்னும் வீட்டிலேயே கிடந்தான்.
போலீஸ் வந்த இடத்தில் யார் வந்து காசு சுண்டுவார்கள்?
அவன் பெண்டாட்டி லூசிங் டப்பாவோடு வந்தாள்.
குலுக்கிக் காட்டினாள். பாதிகூட இல்லை.
எடுத்துக்கொள் என்றாள்.
என் ஆளுக்கு மருந்து ஏற்றியிருக்கிறது, தாங்குவான்.
உன் ஆள்தான் கெட்டுப்போவான்.
எடுக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
இருநூறு எடுத்தேன்.

எண்பத்தேழாம் நாள் வழக்குக் கூப்பிட்டார்கள்.
ஒப்புக்கொண்டால் முப்பது நாள் தண்டனை,
அதை எப்போதோ கழித்துவிட்டான்,
இன்றே போகலாம்.
மறுத்தால் அடுத்த வாய்தா செப்டம்பரில்.
ஒப்புக்கொண்டான்.
அதிகப்படி ஐம்பத்தேழு நாளுக்கு
யாரும் ரசீது தரவில்லை.
நான் அந்த மூன்று காசைக் கேட்டேன்.
அரசுடைமை என்றார்கள்.
திரும்பிவர ஜீப்னிக்கு
இரண்டு பெசோ குறைந்தது.
கடைசி நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தோம்.

இப்போது பாய் முழுக்க அவனுக்குத்தான்.
ஆனாலும் சுவரோரம் ஒருக்களித்தே படுக்கிறான்,
முழங்கால் மடக்கி.
வேலையில்லாத ராத்திரிகளில் நான் பக்கத்தில் இருப்பேன்.
சரியாக இரண்டு மணிக்கு எழுந்து நிற்கிறான்,
கண் திறந்தபடி, தூக்கத்தில்.
பாயைக் கையால் தட்டிச் சரிசெய்து
என்னிடம் சொல்கிறான்:
படு, தம்பி. உன் முறை.